சங்கத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? மெர்போக் வட்டார அமைப்புகளுக்கு ஒரு கணினி வழிகாட்டி

மெர்போக், செமிலிங், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் தோட்டத்து மாரியம்மன் ஆலய நிர்வாகம் முதல் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம், மகளிர் குழு, மரண சகாயச் சங்கம் வரை இலாப நோக்கமற்ற அமைப்புகள் பல இயங்கி வருகின்றன. சம்பளத்துக்கு ஓர் ஊழியர்கூட இல்லாதவையே இவற்றில் மிகுதி. பகலில் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர்தான் இரவில் சங்கச் செயலாளர். அவருடைய கைப்பேசியே சங்கத்தின் அலுவலகம்; அவருடைய சொந்த மின்னஞ்சலே சங்கத்தின் முகவரி.

இந்த ஏற்பாடு நாலைந்து ஆண்டுகள் சிக்கலின்றி ஓடும். செயலாளர் வேலை மாறி ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போகும்போதும், தேர்தலில் தோற்று மனத்தாங்கலோடு விலகும்போதும், திடீரென இறந்துபோகும்போதும்தான் சிக்கல் தெரியவரும். கணக்கு, கூட்டக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல், பதிவிலாகாவுக்குள் நுழையும் வழி எல்லாம் அவரோடு போய்விடும். சங்கத்துக்குக் கணினி உதவி என்றாலே புதுக் கணினி வாங்குவது, இணையத்தளம் அமைப்பது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஆனால், சங்கத்தின் ஆவணமும் கடவுச்சொல்லும் சங்கத்துக்கே சொந்தமாக இருக்கச் செய்வதுதான் முதல் வேலை. மற்றவை அதன் பிறகுதான்.

எந்த அமைப்பு எந்த இலாகாவின் கீழ்?

பொதுவான சங்கங்களும் பெரும்பாலான ஆலய நிர்வாகங்களும் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ், சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெறுகின்றன. இளைஞர் மன்றங்களுக்கு 2007ஆம் ஆண்டு இளைஞர் சங்கங்கள் மற்றும் இளைஞர் மேம்பாட்டுச் சட்டம் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம். உத்தரவாத வரம்புள்ள நிறுவனமாகப் பதிவு செய்துகொண்ட அறவாரியங்கள் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி நிறுவன ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் வருபவை.

சங்கப் பதிவிலாகாவின் அலுவல்கள் இப்போது இ-ரோசஸ் என்ற இயங்கலை முறையில் நடக்கின்றன. சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையை அனுப்ப வேண்டும். பொதுக்கூட்டம் நடக்காத ஆண்டுக்கும் விலக்கு கிடையாது. அந்த ஆண்டு முடிந்த 60 நாள்களுக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். கூட்டக் குறிப்பு, வரவு செலவுக் கணக்கு, பொறுப்பாளர் பட்டியல் ஆகியவை அதில் அடங்கும். தொடர்ந்து தவறும் சங்கத்தின் பதிவை இரத்து செய்ய இலாகாவுக்கு அதிகாரம் உண்டு.

பதிவு போனால் வங்கிக் கணக்கு முடங்கும். மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. மண்டபம் எடுப்பது, திருவிழாவுக்கு அனுமதி கேட்பது என எல்லாமே சிக்கலாகிவிடும். முப்பது நாற்பது ஆண்டு உழைப்பில் எழுந்த சங்கம், பழைய செயலாளரின் கடவுச்சொல் கிடைக்காததால் இந்த நிலைக்கு வருவது கொடுமை. ஆகவே பொறுப்பாளர் மாறியதும், வேறு எதற்கும் முன்பாகப் பதிவிலாகாவில் அந்த மாற்றத்தைப் பதிந்துவிட வேண்டும்.

தோட்டம் கலைந்த ஊரில் ஆவணத்தின் மதிப்பு

கெடாவில் பல தோட்டங்கள் கைமாறின. சில வீடமைப்புத் திட்டங்களாயின, சில தொழிற்பேட்டைகளாயின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் காலியாகின. குடும்பங்கள் சுங்கைப் பட்டாணிக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் பிரிந்து போயின. ஆனால் கோவிலும் பள்ளியும் பல இடங்களில் அங்கேயே நிற்கின்றன. நிலம் யாருடையது, எந்த ஆண்டு யார் அனுமதி கொடுத்தார், தோட்ட நிர்வாகம் எழுதிய கடிதம் எங்கே என்ற கேள்விகள் எழும்போது பதில் சொல்வது பழைய காகிதங்கள்தான்.

அந்தக் காகிதங்கள் பெரும்பாலும் ஒருவர் வீட்டு அலமாரியிலோ, கோவில் இரும்புப் பெட்டியிலோ இருக்கின்றன. கறையான் அரிப்பதற்கு முன், மழை நனைப்பதற்கு முன் அவற்றைப் படியெடுத்துக் கணினியில் சேர்ப்பது ஒரு சங்கம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள கணினிப் பணி. விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கைப்பேசியில் உள்ள ஆவணம் படியெடுக்கும் வசதியே போதும். நல்ல வெளிச்சத்தில், பக்கம் பக்கமாக எடுத்து, கோப்பின் பெயரில் ஆண்டையும் பொருளையும் எழுத வேண்டும். "படம் 0047" என்று கிடக்கும் கோப்பைப் பத்தாண்டு கழித்து யாராலும் தேடி எடுக்க முடியாது. "1974 - கோவில் நிலக் கடிதம் - தோட்ட நிர்வாகி" என்று இருந்தால் முடியும். மூலக் காகிதத்தை எறிந்துவிடக் கூடாது. வழக்கு என்று வந்தால் மூலத்தைத்தான் கேட்பார்கள்.

உதவி எப்படித் தொடங்கியது?

தொண்டு அமைப்புகளுக்குக் கணினி உதவி என்ற எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1987இல் கம்ப்யூமெண்டர் என்ற அமைப்பு தொடங்கியது. கணினி தெரிந்த தொண்டூழியர்களை, கணினி தெரியாத தொண்டு அமைப்புகளோடு இணைப்பதே அதன் வேலை. அதுவே பின்னர் டெக்சூப் என்ற பெயரில் வளர்ந்து, பெரிய நிறுவனங்கள் தரும் மென்பொருள் நன்கொடைகளை உலகெங்கும் உள்ள அமைப்புகளுக்குக் கொண்டுசேர்க்கும் பாலமாயிற்று.

தமிழர் வட்டாரத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி புதுச்சேரியில் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்குள்ள கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. இடத்தை ஊர் கொடுத்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டூழியர்கள் மையத்தை நடத்தினர். கடலோரக் கிராமங்களில் அலை நிலவரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி, நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் பூட்டியிருந்த மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். மீனவக் குடும்பங்கள் கரையை விட்டு ஓடி உயிர் தப்பின. உள்ளே என்ன கருவி இருக்கிறது, அதை எப்படி இயக்குவது என்று ஊரில் பலருக்கும் தெரிந்திருந்ததே அன்று கைகொடுத்தது.

அதே பேரலைக்குப் பின் இலங்கையில், லங்கா மென்பொருள் அறவாரியத்தைச் சுற்றித் திரண்ட கணினித் தொண்டூழியர்கள் சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோர் விவரம், முகாம்கள், எந்த அமைப்பு எங்கே உதவுகிறது, எங்கே என்ன தேவை ஆகியவற்றை ஒரே இடத்தில் பதிவதற்கான மென்பொருள் அது. 2005இல் பாகிஸ்தானைத் தாக்கிய நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. மூல நிரலை எல்லாருக்கும் திறந்து வைத்ததால்தான் இன்னொரு நாடு அதை எடுத்து உடனே பயன்படுத்த முடிந்தது.

இலவசமாகவும் சலுகையிலும் கிடைப்பவை

பதிவு பெற்ற இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்குப் பெரிய நிறுவனங்கள் தரும் சலுகைகள் பல நம் வட்டாரத்தில் பயன்படுத்தப்படாமலே கிடக்கின்றன. பதிவுச் சான்றிதழைக் காட்டித் தகுதியை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் விதியும் வேறு என்பதால் விண்ணப்பிக்கும் முன் படித்துப் பார்ப்பது நல்லது.

கூகுள் நிறுவனம் தகுதி பெற்ற அமைப்புகளுக்குச் சங்கத்தின் பெயரிலான மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு, காணொளிக் கூட்டம் ஆகியவற்றைக் கட்டணமின்றித் தருகிறது. அரசு அமைப்புகள், பள்ளிகள், மருத்துவமனைகளுக்கு இந்தத் திட்டம் இல்லை. இதற்குச் சங்கத்துக்கெனச் சொந்த இணையப் பெயர் வேண்டும். மலேசியாவில் இத்தகைய அமைப்புகளுக்கென உள்ள ".ஓஆர்ஜி.எம்ஒய்" முகவரிகளை மைநிக் நிர்வகிக்கிறது. இணையப் பெயரை வாங்கித் தருபவர் தம் சொந்தப் பெயரில் பதிந்துகொள்ளாமல் சங்கத்தின் பெயரில் பதிகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தேதியைப் பொருளாளர் குறித்துவைக்க வேண்டும்.

மைக்ரோசாப்ட் தன் 365 பிசினஸ் பேசிக் தொகுப்பை 300 பயனர் வரை இலவசமாகத் தருகிறது. முன்பு 10 பயனருக்கு இலவசமாகத் தந்த பிசினஸ் பிரீமியம் தொகுப்பை 2025 ஜூலை முதல் நிறுத்தி, தள்ளுபடி விலைக்கு மாற்றியது. இலவசம் என்பது கொடுப்பவர் மனம் வைக்கும் வரைதான் என்பதற்கு இது சான்று. எந்தச் சேவையைப் பயன்படுத்தினாலும், நாளை அதை விட்டு வெளியேற நேர்ந்தால் ஆவணங்களை முழுமையாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

திருவிழா அறிவிப்பு, கூட்ட அழைப்பு ஆகியவற்றை வடிவமைக்கக் கேன்வா நிறுவனமும் தகுதி பெற்ற அமைப்புகளுக்கு 50 பேர் வரை இலவச வசதி தருகிறது. இவை எதுவும் வேண்டாம் என்றால், 2010இல் தொடங்கிய லிப்ரே ஆபிஸ் தொகுப்பு உண்டு. கடிதம் எழுதவும் கணக்குப் பட்டியல் போடவும் அது போதும். அதற்குப் பதிவுச் சான்றிதழும் வேண்டாம், ஆண்டுக் கட்டணமும் இல்லை. திருட்டு மென்பொருளைப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் மறுத்துவிட வேண்டும். அந்த வழியாக நச்சு நிரல் நுழையக்கூடும்.

பழைய தமிழ் எழுத்துக் கோப்புகள்

தமிழ் அமைப்புகளுக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லை எழுத்துரு. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த ஆண்டு மலர், கூட்டக் குறிப்பு, உறுப்பினர் பட்டியலை இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவோர் உண்டு. அது கெடவில்லை. அன்று ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இன்றைய கணினியில் இல்லை, அவ்வளவுதான். பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்தச் சிக்கலைத் தீர்த்ததில் மலேசியத் தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல், கணினியில் தமிழைப் பரவலாக்கிய முன்னோடி மென்பொருள்களில் ஒன்று. கைப்பேசிக்கு அவர் உருவாக்கிய செல்லினம் 2005இல் வெளிவந்தது. இனி எந்த ஆவணம் எழுதினாலும் யூனிகோடில் எழுதினால் அடுத்த தலைமுறையும் திறந்து படிக்கும், தேடினால் கிடைக்கும்.

நன்கொடையாக வரும் கணினி

நிறுவனங்கள் பழைய கணினிகளைப் பள்ளிக்கும் சங்கத்துக்கும் கொடுப்பது நல்ல வழக்கம். வாங்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அத்தகைய கணினியில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்து. லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் பொருத்தினால், பிள்ளைகள் படிக்கவும் கடிதம் எழுதவும் இன்னும் சில ஆண்டுகள் அதுவே உழைக்கும். அதே போல், சங்கம் தன் பழைய கணினியைக் கழிக்கும்போது உறுப்பினர் விவரம் உள்ள வன்தட்டை முழுமையாக அழித்த பிறகே வெளியே கொடுக்க வேண்டும்.

மூன்று நகல், ஓர் இடம் வெளியே

2021 ஆகஸ்டு 18ஆம் தேதி குனோங் ஜெராயிலிருந்து திடீர் வெள்ளம் இறங்கி, யான், கோல மூடா மாவட்டங்களில் உயிர்ப்பலி வாங்கியதை இந்த வட்டாரம் மறந்திருக்காது. அப்படி ஒரு வெள்ளம் வந்தால், காகிதமும் கணினியும் ஒரே அறையில் உள்ள சங்கத்துக்கு இரண்டுமே போய்விடும்.

கணினித் துறையில் இதற்கு எளிய விதி உண்டு. முக்கிய ஆவணத்துக்கு மூன்று நகல் இருக்க வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். சங்கக் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று வைத்தால் விதி நிறைவேறும். இணையச் சேமிப்பையும் கவனிக்காமல் விடக்கூடாது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. விலகிப்போன செயலாளரின் சொந்தக் கணக்கில் உள்ள சங்கப் படங்களும் ஆவணங்களும் இப்படிச் சத்தமில்லாமல் காணாமற்போகலாம்.

புலனக் குழுவை ஆவணக் காப்பகமாக நினைப்பதும் தவறு. படம் அனுப்பியவர் கைப்பேசி மாறும், பழைய கோப்பு இறங்க மறுக்கும். முடிவுகள் புலனத்தில் பேசப்பட்டாலும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும்.

பணமும் அடையாள அட்டையும்

திருப்பணி நிதி, அன்னதான நிதி, மருத்துவ உதவி நிதி எதுவானாலும், கியூஆர் குறியீடு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்குக் குறியீட்டை ஒட்டினால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒருநாள் பேச்சுக்கு ஆளாவார். இயங்கலை வங்கிச் சேவையில் ஒருவர் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறையைக் கேட்டுப் பெற வேண்டும். காசோலையில் இரண்டு கையொப்பம் கேட்கும் நம் வழக்கத்தின் தொடர்ச்சிதான் இது. உண்டியல் பக்கத்தில் ஒட்டிய குறியீட்டின் மேல் வேறு குறியீடு ஒட்டப்பட்டிருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பதும் அவசியம்.

புதிய கணக்குக்குப் பணம் அனுப்பும் முன், காவல்துறையின் "செமாக் மியூல்" தளத்தில் அந்த எண் மோசடிப் புகாரில் சிக்கியதா என்று பார்க்கலாம். பணம் பறிபோனால் 997 என்ற எண்ணில் தேசிய மோசடித் தடுப்பு மையத்தை உடனே அழைக்க வேண்டும். 2022இல் தொடங்கிய இந்த மையத்தால், அழைப்பு சீக்கிரம் வந்தால்தான் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம். திருமண அழைப்பு, மானியப் பாரம் என்ற பெயரில் புலனத்தில் வரும் "ஏபிகே" கோப்புகளைத் திறக்கவே கூடாது.

உதவிப் பொருள் வழங்கும்போது பெறுபவரின் அடையாள அட்டையைப் படமெடுத்துக் குழுவில் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளை மையமாகக் கொண்டதுதான். ஆனால் மோசடிக்காரனுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அட்டை எண்ணும் முகவரியும் கிடைத்தால் போதும். அரிசி வாங்க வந்த மூதாட்டியின் மானமும் சங்கத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. பட்டியலைப் பொருளாளரும் செயலாளரும் மட்டும் பார்க்கும் கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.

யாரைக் கேட்பது?

முன்பு கிராமப்புற இணைய மையம் என்றும் பின்னர் வேறு பெயர்களிலும் அறியப்பட்ட அரசாங்கத்தின் சமூக இணைய மையங்கள் இப்போது "நாடி" என்ற பெயரில் நாடெங்கும் இயங்குகின்றன. கணினி, இணைய வசதியோடு, சுற்றுவட்டார மக்களுக்குப் பயிற்சியும் அங்கு உண்டு. மெர்போக்கிலேயே மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெடா வளாகமும், பீடோங் வட்டாரத்தில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மாணவர் சமூகப்பணித் திட்டத்துக்குத் தலைப்பு தேடும் விரிவுரையாளர்களிடம், "எங்கள் கோவிலின் ஐம்பதாண்டு ஆவணங்களைப் படியெடுக்க வேண்டும்" என்று தெளிவாக எழுதிக் கேட்டால் பேச்சுக்கு வழி பிறக்கும். "கணினி உதவி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் புரியாது.

தோட்டத்தில் பிறந்து, பினாங்கு தொழிற்சாலைகளிலும் கோலாலம்பூர் அலுவலகங்களிலும் கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை நன்கொடை கேட்பதோடு, மாதம் இரண்டு மணி நேரமும் கேட்கலாம். ஆனால் முழுப் பொறுப்பையும் ஒரே பிள்ளையின் தலையில் கட்டினால், பழைய செயலாளர் கதையே திரும்பும். எந்த வேலையும் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொதுக்கூட்டத்தில் வைக்க ஒரு தாள்

பொறுப்பு மாறும்போது சாவிக்கொத்தையும் ரசீதுப் புத்தகத்தையும் ஒப்படைக்கும் வழக்கம் நம் சங்கங்களில் ஏற்கெனவே உண்டு. அதோடு ஒரு தாளையும் சேர்த்துக்கொள்ளலாம். அதில் இருக்க வேண்டியவை:

- சங்கத்தின் மின்னஞ்சல் எது, அதை மீட்க எந்தக் கைப்பேசி எண் கொடுக்கப்பட்டுள்ளது
- இ-ரோசஸ் முறையில் சங்கத்தின் சார்பாகப் பதிந்திருப்பவர் யார்
- இயங்கலை வங்கியில் பதிபவர் யார், ஒப்புதல் தருபவர் யார்
- முகநூல் பக்கத்துக்கும் புலனக் குழுவுக்கும் நிர்வாகிகள் யார் யார் (குறைந்தது இருவர்)
- இணையப் பெயர் யார் பெயரில் உள்ளது, எப்போது புதுப்பிக்க வேண்டும்
- மூன்று நகல்களும் எங்கெங்கே உள்ளன
- சங்கத்துக்குச் சொந்தமான கணினி, அச்சுப்பொறி, வன்தட்டு எத்தனை, யார் வீட்டில்

கடவுச்சொற்களை இந்தத் தாளில் எழுதக் கூடாது. அவற்றை உறையிலிட்டு முத்திரை வைத்து, தலைவர் ஒன்றும் அறங்காவலர் ஒன்றுமாக வைத்துக்கொள்ளலாம். பொறுப்பு மாறிய அன்றே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். விலகுபவரைச் சந்தேகப்படுவதாக இதற்குப் பொருள் இல்லை. பின்னாளில் ஏதாவது நடந்தால் அவர் மேல் பழி விழாமல் காப்பதும் இதுதான்.

அடுத்த பொதுக்கூட்ட அழைப்பு அச்சாகும்போது, கணக்கறிக்கைக்கு அடுத்த வரியில் "ஆவணம், கணினிக் கணக்குகள் ஒப்படைப்பு" என்று ஓர் அங்கத்தைச் சேர்த்தால் போதும். உறுப்பினர் முன்னிலையில் அந்தத் தாள் வாசிக்கப்பட்டு, கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால், செயலாளர் யார் மாறினாலும் சங்கத்தின் வேலை தடைபடாது.